வறண்ட தோல், பரு, ஷேவிங் எரிச்சல்: குறைந்த செலவில் எதை முதலில் செய்வது

முகம் கழுவியதும் இழுத்துப் பிடிக்கும் வறட்சி, அந்த வறட்சியின் மேலேயே பரு, ஷேவ் செய்த மறுநாள் கழுத்து முழுக்கச் சிவப்புப் புடைப்பு. இந்த மூன்றும் ஒரே முகத்தில் சேர்ந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றுக்குச் சொல்லப்படும் வைத்தியம் மற்றொன்றைக் கெடுப்பதுதான் இதில் பெரிய தொல்லை. பருவைக் காயவைக்கும் ஃபேஸ் வாஷ் தோலை இன்னும் வறட்டும். வறண்ட தோலில் பிளேடு ஓடினால் எரியும். எரிச்சலுக்கென்று பூசும் கனமான க்ரீம் சிலருக்குப் புதுப் பருவைக் கிளப்பும்.

நானும் இந்தச் சுழலில் வெகுகாலம் தவித்தேன். வெளியே வரச் செய்தது விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை, செய்யும் வரிசைதான். முதலில் வறட்சி, அடுத்து ஷேவிங், கடைசியாகத்தான் பரு மருந்து. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பரு கண்ணை உறுத்துவதால் மருந்தில் தொடங்குகிறார்கள், தோல் தாங்காமல் உரிகிறது, பாதியில் விட்டுவிடுகிறார்கள், அடுத்த பொருளை வாங்குகிறார்கள். பணம் போவது இங்கேதான்.

மொத்தம் நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் முடிவு கட்டாதீர்கள்.

1. முகத்தில் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள்

முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு சன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை அருகில் வைத்துப் பாருங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் பரு அல்ல. தவறான ஒன்றுக்கு மருந்து போட்டால் எத்தனை மாதம் பூசினாலும் பலன் இருக்காது.

பரு என்றால் அதன் கூடவே கரும்புள்ளிகளும் (துளையில் அடைத்துக் கறுத்த பிளாக்ஹெட்), தோல் நிறத்திலேயே அடைத்துக்கொண்ட சின்னச் சின்ன முடிச்சுகளும் எங்காவது இருக்கும். அவை ஒன்றுகூட இல்லாமல் சிவப்புப் புடைப்பு மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தாடி முளைக்கும் இடத்தில் மட்டும், குறிப்பாகத் தாடைக்குக் கீழும் கழுத்திலும் புடைப்பு வந்தால், அது பெரும்பாலும் உள்ளே திரும்பிய முடி. வெட்டிய முடியின் கூர்முனை வளைந்து மறுபடி தோலுக்குள் குத்துகிறது. உடம்பு அதை வெளிப்பொருளாக எண்ணி வீங்குகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது மிக அதிகம். உற்றுப் பார்த்தால் தோலுக்கு அடியில் முடி வளையமாகத் தெரியும். பரு மருந்து இதற்கு ஓரளவுதான் உதவும். ஷேவ் செய்யும் முறை மாறாமல் இது அடங்காது.

ஷேவ் செய்த சில நிமிடங்களில் தட்டையாகச் சிவந்து எரிந்து, ஓரிரு நாளில் தானே தணிந்தால் அது வெறும் எரிச்சல். ஒவ்வொரு முடியின் அடியிலும் சீழ் முனையோடு சிறு கொப்புளம் இருந்தால் மயிர்க்காலில் கிருமித் தொற்று.

இன்னும் இரண்டு வேடதாரிகள் உண்டு. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் எல்லாம் ஒரே அளவில், நன்றாக அரிக்கும் சிறு புடைப்புகள் இருந்தால் அது மயிர்க்காலில் வளரும் ஈஸ்ட் என்ற ஒரு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இது அதிகமாகும். அதே போல மூக்கோரம், புருவம், தாடி வேர் ஆகிய இடங்களில் மட்டும் மஞ்சளாக, பிசுபிசுப்பாகச் செதில் உதிர்ந்தால் அது வறட்சி அல்ல, தலைப்பொடுகின் உறவு. மாய்ஸ்சரைசர் எவ்வளவு பூசினாலும் திரும்பத் திரும்ப வரும். இவை இரண்டுக்கும் கீட்டோகோனசால் போன்ற பூஞ்சை மருந்துதான் வேலை செய்யும். இவற்றில் ஏதாவது என்று தோன்றினால் கீழே உள்ள பரு மருந்துப் பகுதிக்குப் போகாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. கையில் இருப்பதை எல்லாம் எடுத்து வைத்து, பாதியை நிறுத்துங்கள்

முகத்தில் படும் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். சோப்பு, ஃபேஸ் வாஷ், ஸ்க்ரப், டோனர், ஆஃப்டர் ஷேவ், பரு க்ரீம், தலைக்குப் பூசும் ஜெல், எண்ணெய், எல்லாம். தலையில் பூசுவது நெற்றிக்கு வழிந்து, முடியோரம் அடைப்பை உண்டாக்கும். அதனால் அதுவும் பட்டியலில் சேரட்டும்.

இப்போதே நிறுத்த வேண்டியவை: துகள் உள்ள ஸ்க்ரப், ஆல்கஹால் முதலிடங்களில் வரும் டோனர், மென்தால் குளிர்ச்சி தரும் எதுவும், எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பருவின் மேல் வைக்கும் பற்பசை. எலுமிச்சை கடுமையான அமிலம், சோடா காரம். இரண்டுமே தோலின் மேலடுக்கைச் சுடும். காசு செலவில்லை என்பதால் பலர் இவற்றைச் செய்கிறார்கள். பிறகு வரும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் போகாது.

அடுத்து ஒரு கடுமையான எச்சரிக்கை. சில க்ரீம்களைப் பூசினால் இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகும், சிவப்பு மறையும். அதன் உட்பொருள் பட்டியலில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். முகத்தில் வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு போன்ற சிவப்பு இழைகள் தோன்றி, புதிய பரு கொத்தாகக் கிளம்பும். நீங்கள் ஏற்கெனவே பல வாரமாகப் பூசிவருகிறீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில நாளில் முகம் பயங்கரமாகச் சிவந்து எரியக்கூடும். மருத்துவர் வழிகாட்ட, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உட்பொருள் பட்டியலே அச்சிடாமல், நிறம் வெளுக்கும் என்று விற்கப்படும் க்ரீம்களைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

3. ஒரு நோட்டு, ஒரு படம்

இதற்குச் செலவு இல்லை, ஆனால் மருந்துக்குச் சமமாக உதவும். வாரம் ஒரு முறை, அதே சன்னல், அதே நேரம், முகத்தின் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, கழுத்து என நான்கு படம் எடுங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிறவருக்கு மாற்றம் தெரியாது, மாதத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் தெரியும்.

நோட்டில் புதிதாகத் தொடங்கிய பொருளின் பெயர், அதன் அளவு சதவீதம், தொடங்கிய தேதி, ஷேவ் செய்த நாள், பிளேடு மாற்றிய நாள் ஆகியவற்றை மட்டும் எழுதினால் போதும். பொருளின் அட்டையைத் தூக்கி எறியாமல் உட்பொருள் பட்டியலைப் படமெடுத்து வையுங்கள். ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாமல் போனால், எந்த உட்பொருள் காரணம் என்று பிறகு கண்டுபிடிக்க இந்தப் படங்கள்தான் சாட்சி.

4. முதல் நான்கு வாரம்: கழுவுவதும் ஈரம் காப்பதும் மட்டும்

தோலின் மேலடுக்கில் செத்த செல்களுக்கு நடுவே கொழுப்புகள் நிரம்பியிருக்கின்றன. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்பவை அவை. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகாமல் தடுப்பதும், வெளியே இருப்பது உள்ளே புகாமல் தடுப்பதும் இவற்றின் வேலை. இவை கரைந்து போன முகத்தில் எந்த மருந்தும் எரியும். அதனால்தான் இந்த நான்கு வாரத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது, அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். கணக்கில் சுமார் 5 இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9 முதல் 10 வரை, அதாவது காரம். கழுவிய பிறகு முகம் கிறீச்சென்று இருப்பது சுத்தத்தின் அடையாளம் இல்லை, கொழுப்பு போய்விட்டதன் அடையாளம். முகத்துக்கு வேண்டியது சோப்பில்லாத சோப்புக்கட்டி, அதாவது சின்டெட் வகை. அட்டையின் முகப்பில் எழுதியிருப்பதை நம்பாமல் பட்டியலைப் பாருங்கள். சோடியம் பால்மேட், சோடியம் டாலோவேட், சோடியம் கோகோயேட் என்று முதலில் வந்தால் அது உண்மையான சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்று முதலில் வந்தால் மென்மையான வகை. கட்டியாக வாங்கினால் நீண்ட நாள் வரும், குழாயில் வரும் ஃபேஸ் வாஷைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும். ஈரத்தில் ஊறிக் கரையாமல், தண்ணீர் வடியும் தட்டில் வைக்க வேண்டும்.

இரவில் ஒரு முறை இதைப் போட்டுக் கழுவுங்கள். காலையில் வெறும் தண்ணீர் போதும். வியர்த்துக் கொட்டும் வேலை என்றால் வேலை முடிந்ததும் இன்னொரு முறை கழுவலாம். அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பவர்கள் ஷவரில் முகத்தைக் காட்டாமல் இருப்பதே நல்லது. விரல் நுனியால் அரை நிமிடம் தடவிக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

முகம் ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.  அட்டையில் தேட வேண்டியவை கிளிசரின், செராமைடு, டைமெத்திகோன், பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லி). உட்பொருள்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிடப்படுகின்றன. 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். எனவே முகப்பில் பெரிதாக விளம்பரப்படுத்திய மூலிகை பட்டியலின் கடைசியில் கிடந்தால், நீங்கள் அதற்காகக் கொடுக்கும் கூடுதல் காசு வீண். கிளிசரின் மேலே வரும் மணமற்ற, எளிய க்ரீம் போதும். மணமற்றது என்பதையும் பட்டியலில்தான் உறுதி செய்ய வேண்டும். வாசனை தெரியாமலிருக்க வேறொரு வாசனைப் பொருளைச் சேர்த்திருக்கும் தயாரிப்புகளும் உண்டு.

பருவை உண்டாக்காது என்று அட்டையில் எழுதுவதற்குக் கறாரான பொது அளவுகோல் ஏதும் இல்லை. அது தயாரிப்பாளரின் கூற்று, அவ்வளவே. உங்கள் முகம்தான் தீர்ப்புச் சொல்லும்.

பெட்ரோலியம் ஜெல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிசுபிசுவென்று இருப்பதால் பரு வரும் என்று அஞ்சுகிறார்கள். சுத்திகரித்த ஜெல்லி மயிர்க்காலை அடைப்பதில்லை, தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதற்கு இணையாக மலிவான பொருள் இல்லை. இரவில் மாய்ஸ்சரைசருக்கு மேல், உரியும் இடங்களில் மட்டும், மெழுகு தடவியது போல மிக மெல்லியதாகப் பூசுங்கள். ஆனால் பின்னால் மருந்து தொடங்கும்போது அதே இடத்தில் மருந்தின் மேல் இதைப் பூசாதீர்கள். மருந்து அதிகம் உள்ளே இறங்கி எரியும். தேங்காய் எண்ணெயும் கோகோ வெண்ணெயும் கை காலுக்கு நல்லவை, பரு வரும் முகத்துக்கு ஆகாதவை.

புதுப் பொருள் எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில், ரூபாய் நாணய அளவு இடத்தில், நாளுக்கு இரண்டு முறை ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரே வாரத்தில் இரண்டு புதுப் பொருள் தொடங்கினால், கெடுத்தது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் கட்டம் முடிந்தது என்பதற்கு அடையாளம்: கழுவிய பின் இழுக்காது, வியர்வை பட்டால் எரியாது, மூக்கோரமும் வாயோரமும் உரியாது. பரு அப்படியே இருக்கலாம். பரவாயில்லை.

5. ஷேவிங்கை மாற்றுங்கள்

கழுத்தில் புடைப்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது எந்த உத்தியும் எடுபடாது. முடிந்தால் நான்கு வாரம் பிளேடே படாமல் விடுங்கள். மேலே சொன்ன வறட்சிக் கட்டத்தோடு இது சேர்ந்தே நடக்கட்டும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளே குத்திய முடிகள் வளர வளரத் தாமாகவே வெளியே வந்துவிடும். முதல் வாரம் அரிப்பு அதிகமாகத்தான் இருக்கும், சொறியாமல் மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.

வேலையிடத்தில் மழித்த முகம் கட்டாயமென்றால் டிரிம்மர் உதவும். தோலோடு அழுத்தாமல், சுமார் 1 மில்லிமீட்டர் முடி மிஞ்சும்படி வெட்டினால் முடி உள்ளே திரும்பாது. அதையும் ஏற்கமாட்டோம் என்றால், தோல் மருத்துவரிடம் இந்தப் பிரச்சினைக்குப் பெயர் குறிப்பிட்டு, இத்தனை வாரம் மழிக்கக் கூடாது என்று தேதியோடு எழுதி வாங்கிக் கொடுங்கள். வாய்வார்த்தைக்கு மதிப்பில்லாத இடங்களில் இந்தக் கடிதம் செல்லும்.

மறுபடி பிளேடுக்குப் போகும்போது, எந்த ரேசர் என்ற கேள்வி வரும். நான்கு, ஐந்து பிளேடு கொண்ட ரேசர்களில் முதல் பிளேடு முடியை இழுக்க, பின்னால் வரும் பிளேடு அதை வெட்டுகிறது. இழுபட்ட முடி வெட்டுப்பட்டதும் தோல் மட்டத்துக்குக் கீழே சுருங்கிப் போகிறது. மழமழப்பு கிடைப்பதும் இதனால்தான், முடி உள்ளேயே சிக்குவதும் இதனால்தான். புடைப்பு வரும் தோலுக்கு ஒற்றைப் பிளேடு நல்லது. இரு பக்கமும் கூர் உள்ள பிளேடு மாட்டும் உலோக ரேசர் என்றால் கைப்பிடியை ஒரு முறை வாங்கினால் பல ஆண்டு வரும், பிளேடு மிக மலிவு. ஆனால் அதைப் பழக வேண்டும். தோலுக்கும் பிளேடுக்கும் சுமார் 30 டிகிரி சாய்வு இருக்க வேண்டும், ரேசரின் எடையே வெட்டும், கை அழுத்தக் கூடாது. பழகும் வரை கன்னத்தை மட்டும் இதில் செய்து, கழுத்துக்கு டிரிம்மர் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று. இரண்டு நாள் தாடியில் விரலை நாலா பக்கமும் ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசைதான் முடி வளரும் திசை. கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும் முடி, கழுத்தில் பக்கவாட்டாகவோ மேல்நோக்கியோ இருக்கலாம், இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறாகவும் இருக்கலாம். நோட்டில் முகத்தைக் கிறுக்கலாக வரைந்து அம்புக்குறி போட்டு வையுங்கள். கழுத்துப் புடைப்பில் பெரும்பகுதி, எல்லோரும் செய்வது போலக் கீழிருந்து மேலாக இழுப்பதால் வருவது.

ஷேவிங்கைக் குளியலின் முடிவுக்குத் தள்ளுங்கள். தண்ணீரில் ஊறிய முடி மென்மையாகும், வெட்டுவது எளிது. குளிக்க நேரமில்லையென்றால் வெதுவெதுப்பான ஈரத் துணியை மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள். மென்தாலும் வாசனையும் இல்லாத க்ரீம் அல்லது ஜெல்லைப் பூசி ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். ட்யூபில் வரும் க்ரீமை பிரஷ்ஷால் நுரைத்தால், அழுத்தினால் நுரை வரும் டப்பாவைவிடப் பல மடங்கு நாள் வரும். சோப்பு நுரையில் ஷேவ் செய்வதை விட்டுவிடுங்கள், அது வழுக்குவதில்லை, வறட்டுகிறது.

பிறகு முடி வளரும் திசையிலேயே, சின்னச் சின்ன இழுப்பாக, ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசி, ஒரு சுற்று மட்டும். தோலை மறு கையால் இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்துப் பிடித்தால் முடி மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படும், விட்டதும் உள்ளே போய்விடும். நுரை போன இடத்தில் மறுபடி பிளேடு வைக்காதீர்கள். கை தடவினால் கொஞ்சம் சொரசொரப்பு தெரியத்தான் செய்யும். அந்தச் சொரசொரப்பை ஏற்றுக்கொள்வதுதான் இந்த வைத்தியத்தின் விலை.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒற்றி, அதே மாய்ஸ்சரைசர். தனியாக ஆஃப்டர் ஷேவ் வேண்டாம். படிகாரம் இரத்தக் கசிவை நிறுத்தும், ஆனால் முகம் முழுக்கத் தேய்த்தால் வறண்ட தோலை இன்னும் இறுக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டு, அலசிவிடுங்கள்.

பிளேடை ஐந்து முதல் ஏழு ஷேவுக்குள் மாற்றிவிடுங்கள், இழுப்பது போல் தோன்றினால் அதற்கும் முன்பே. குளியலறை ஈரத்தில் விடாமல் அலசி, உதறி, காய்ந்த இடத்தில் வையுங்கள். ரேசரை யாரோடும் பகிராதீர்கள். சலூனுக்குப் போனால் உங்கள் கண் முன்னால் புதுப் பிளேடைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள், கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவக்கூடியவை.

உள்ளே சிக்கிய முடியை ஊசியால் தோண்டாதீர்கள். வெதுவெதுப்பான துணியை நாளுக்கு இருமுறை, பத்து நிமிடம் வையுங்கள். வளையமாக வெளியே தெரிந்தால் மட்டும், ஆல்கஹாலால் துடைத்த ஊசியால் நுனியை மெல்லத் தூக்கிவிடலாம். பிடுங்கக் கூடாது, பிடுங்கிய முடி மறுபடி முளைக்கும்போதும் உள்ளேயே திரும்பலாம். கால், அக்குள் மழிக்கும் பெண்களுக்கும் இதே விதிகள்தான். அக்குளில் முடி பல திசையில் வளரும் என்பதை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள்.

6. பரு மருந்து: ஒன்றே ஒன்று, மெதுவாக

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கரும்புள்ளியும் அடைப்பு முடிச்சும் அதிகமென்றால் அடாபலீன் 0.1 சதவீத ஜெல். சிவந்து சீழ் வைக்கும் பரு அதிகமென்றால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். தோல் மிக மென்மையாக இருந்தாலோ, கறுப்புத் தழும்பு அதிகமாக விழுந்தாலோ அசெலாயிக் அமிலம். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க முயல்பவர்களும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். அசெலாயிக் அமிலம் அவர்களுக்கு ஏற்றது, என்றாலும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சில ஊர்களில் இவற்றில் சில மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும், சில இடங்களில் சீட்டு கேட்பார்கள்.

பென்சாயில் பெராக்சைடில் 10 சதவீதம் வாங்கினால் சீக்கிரம் குணமாகும் என்பது பொய்க் கணக்கு. 2.5 சதவீதமே கிட்டத்தட்ட அதே பலனைத் தரும், எரிச்சல் குறைவு. துண்டு, தலையணை உறை, சட்டைக் காலர் எல்லாவற்றையும் இது வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள். மிகவும் வறண்டவர்கள் இதைப் பூசி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிடலாம்.

அடாபலீன் என்றால் முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதற்கு மேல் போவது தோல் தாங்கினால்தான். முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்காமல் பரு வரும் பகுதி முழுக்கப் பரப்புங்கள், ஏனென்றால் இது வரப்போகும் பருவைத் தடுக்கும் மருந்து. கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். வறண்ட தோலுக்கு நான் உறுதியாகச் சொல்வது: முதலில் மாய்ஸ்சரைசர், அது காய்ந்ததும் மருந்து, அதன் மேல் மறுபடி மாய்ஸ்சரைசர்.

ஷேவ் செய்வதற்கு முந்தைய இரவும், ஷேவ் செய்த அன்றிரவும் அடாபலீனை விட்டுவிடுங்கள். இந்த ஒரு விதியை யாரும் சொல்வதில்லை. மருந்தையும் ஷேவையும் ஒரே இரவில் போட்டுவிட்டு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

முதல் சில வாரங்களில் பரு கொஞ்சம் அதிகமாகலாம். கண்ணுக்குத் தெரியாத அடைப்பு பருவாகி மேலே வர வாரக்கணக்கில் ஆகும். எனவே இன்று தடுத்ததன் பலன் பின்னால்தான் தெரியும். 12 வாரம் முடியாமல் மருந்தை மாற்றாதீர்கள். மூன்றாம் வாரத்தில் கைவிடுவதுதான் இந்தப் பாதையில் மிகப் பெரிய குழி. ஆனால் முகம் வீங்கினாலோ, கொப்புளித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசாதீர்கள். கிருமி அதற்குப் பழகிவிடும். கொடுத்தாலும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

7. வெயில்

பரு ஆறிய இடம் கறுப்பதை வெயில் கூட்டும். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. கட்டுப்படியாகவில்லை என்றால் அகலமான தொப்பியும் நிழலும். பருவைக் கிள்ளாமல் இருப்பது சன்ஸ்க்ரீனைவிட மலிவான தழும்புத் தடுப்பு.

8. எதில் மிச்சம் பிடிப்பது, எதில் கூடாது

தேவையானவை மென்மையான கழுவும் கட்டி, ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு பரு மருந்து, சன்ஸ்க்ரீன், ஷேவிங் க்ரீம், பிளேடு. இவ்வளவுதான். சீரம், டோனர், ஷீட் மாஸ்க், இரவு க்ரீம் என்று தனித்தனியாக விற்பவை எதுவும் இந்த நான்கு மாதத்தில் வேண்டாம். எல்லாவற்றையும் முதல் நாளே வாங்காதீர்கள். கட்டியும் மாய்ஸ்சரைசரும் முதல் மாதம், ஷேவிங் பொருள் அடுத்து, மருந்து அதற்கும் பிறகு என்று பிரித்தால் ஒரே மாதத்தில் சுமை விழாது.

மொத்த விலையை மட்டும் பார்க்காமல், அதை மில்லிலிட்டராலோ கிராமாலோ வகுத்துப் பாருங்கள். ஆனால் முதல் முறை எப்போதும் சின்ன அளவு, ஒத்துக்கொண்ட பிறகுதான் பெரியது. அட்டையில் திறந்த டப்பா படத்துக்குள் 6, 12 என்று எண் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அது தாங்கும். மருந்தைக் கேட்கும்போது நிறுவனப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் சொல்லி, இதில் மலிவானது எது என்று கேளுங்கள். அடாபலீன் 15 கிராம் ட்யூப் ஒன்று, பட்டாணி அளவு கணக்கில், மாதக்கணக்கில் வரும்.

மிச்சம் பிடிக்கக் கூடாதது பிளேடு. மழுங்கிய பிளேடில் சேமித்த காசு புடைப்புக்கு வாங்கும் க்ரீமில் போய்விடும்.

9. எப்போது மருத்துவரிடம், எதை எடுத்துக்கொண்டு

காத்திருக்காமல் போக வேண்டியவை: தோலுக்கடியில் வலிக்கும் பெரிய கட்டிகள், குழித் தழும்பு விழத் தொடங்குதல், கழுத்தில் கெட்டியான தடித்த தழும்பு, காய்ச்சலோடு பரவும் சிவப்பு. பெண்களுக்கு மாதவிலக்குத் தவறி, தாடைப் பருவோடு முகத்தில் முடியும் கூடினால் ஹார்மோன் சோதனை தேவைப்படலாம். மற்றபடி 12 வாரம் ஒழுங்காகப் பூசியும் பலன் இல்லையென்றால் போங்கள்.

போகும்போது நோட்டு, வாராந்தரப் படங்கள், உட்பொருள் படங்கள், பழைய மருந்துச்சீட்டு, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும். சில மாத்திரைகளே பருவை உண்டாக்கும். சந்திப்பு சில நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: எனக்கு வறண்ட தோல், இன்ன மருந்தை இத்தனை வாரம் பூசினேன், ஷேவ் செய்தால் இந்த இடத்தில் இப்படி வருகிறது. ஷேவ் செய்து இரண்டு நாள் கழித்துப் போங்கள், புடைப்பு தெரியும் நிலையில் இருக்கும். அன்று முகத்தில் எதுவும் பூசாதீர்கள்.

கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை மருத்துவர் எழுதினால், இரத்தப் பரிசோதனை எப்போது, எத்தனை மாதம், மொத்தச் செலவு எவ்வளவு என்று அங்கேயே கேளுங்கள். அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும், ஆகவே கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்கள் கருத்தடை பற்றியும் அப்போதே பேசிவிட வேண்டும். உதடும் தோலும் மிகவும் வறளும், மாத்திரை சாப்பிடும் காலம் முழுக்க டிரிம்மர்தான் பாதுகாப்பு, வேக்ஸிங் கூடவே கூடாது, தோலோடு உரிந்து வந்துவிடும்.